கப்பல் விபத்தையும் மீட்புப் பணியையும் படமெடுக்க எப்படித் தயாராவது?

"பெரிய விபத்துக்குப் பிறகு நடக்கும் மீட்புப் பணியைப் படமெடுக்க வேண்டும். எங்கே நிற்பது, எந்த லென்ஸ், அடுத்தவர் துயரத்தைப் படமெடுப்பது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில், மாயேபூர் பக்கம் இருப்பவன். கல்யாணம், தைப்பூசக் காவடி என்று படமெடுப்பது தொழில். வகாஷியோ என்ற பெரிய சரக்குக் கப்பல் எங்கள் பவளத்திட்டில் ஏறியதிலிருந்து அதன் கடைசித் துண்டு போகும்வரை கரையில் நின்று எடுத்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

லென்ஸைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இடம். கப்பல் தெரிகிற ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள். படகுத்துறைத் தூணோ பாறையோ, அசையாத ஏதாவது ஒன்று ஒவ்வொரு படத்திலும் ஒரே மூலையில் வரட்டும். ஜூம் அளவையும் மாற்றாதீர்கள். அலுப்பான வேலைதான். ஆனால் கப்பல் எவ்வளவு சாய்ந்தது, முனை எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் இப்படி எடுத்தால்தான் பிறகு தெரியும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கப்பல் ஏறத்தாழ 300 மீட்டர் நீளம். 2020 ஜூலை 25 அன்று பொயின்ட் தெஸ்னி எதிரே தரைதட்டியது. சரக்கு ஏதும் இல்லை, ஆனால் தொட்டிகளில் சுமார் 4,000 டன் எரிபொருள் இருந்தது. எண்ணெய் வெளியே வந்தது ஆகஸ்ட் 6-ம் தேதி. நடுவில் இருந்த பன்னிரண்டு நாட்களில், பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு பெரிய கப்பல் சும்மா நிற்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டுச் செய்திப்படக்காரர்கள் யாரும் அப்போது வரவில்லை. ஆனால் ஆகஸ்ட் 29 அன்று தலைநகர் போர்ட் லூயியில் கறுப்பு உடையில் திரண்ட கூட்டம் அரசைக் கேட்டது அந்த நாட்களைப் பற்றித்தான்: கப்பல் அப்படியே நின்றதே, அப்போது என்ன செய்தீர்கள்? பக்கத்தில் இழுவைக் கப்பல் இருந்ததா, எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைத் தடுப்பு போட்டிருந்தார்களா, என்றைக்குப் போட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்கு அந்த அலுப்பான படங்கள்தான் உதவும். எண்ணெய் கசிந்த பிறகு எடுத்த கறுப்புக் கடல் படங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உதவாது.

அதேபோல முடிவிலும் யாரும் இருப்பதில்லை. ஆகஸ்ட் 15-ல் கப்பல் இரண்டாக முறிந்தது, 24-ல் முன்பகுதியை ஆழ்கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள். அதோடு கேமராக்கள் கிளம்பிவிட்டன. பின்பகுதி பவளத்திட்டிலேயே கிடந்தது. அதை வெட்டி எடுத்து முடிக்க 2022 ஜனவரி ஆயிற்று. தொழில்துறை மீட்புப் பணி என்று நீங்கள் கேட்பது உண்மையில் இதுதான். பார்ஜ் என்கிற தட்டையான சரக்குப் படகு வரும், கிரேன் நிற்கும், கடல் கொந்தளித்தால் வேலை நின்றுவிடும். அந்த நின்றுபோன நாட்களையும் எடுங்கள்.

இப்போது லென்ஸ். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ் தேவைதான், ஆனால் தூரத்தைச் சுருக்கிக் காட்டிவிடும். பவளத்திட்டில் நிற்கும் கப்பல் மீனவர் படகின் தலைக்கு மேலே நிற்பதுபோல வரும். பார்க்க அபாரமாக இருக்கும், பார்க்கிறவருக்கோ தூரம் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். அதனால் அதே இடத்திலிருந்து ஒரு அகலக் கோணப் படமும் எடுத்துக் கூடவே வையுங்கள். எண்ணெய்ப் படலத்தை எடுக்கும்போது போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கழற்றிவிடுங்கள். வானவில் நிறம் நீரின் மேல் படியும் பிரதிபலிப்புதான், ஃபில்டரைத் திருப்பினால் அதுவும் மறையும். கறுப்பு எண்ணெய் பிரேமை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடுங்கள். ஆகஸ்டில் இங்கே தென்கிழக்குக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும், துடைக்கத் துணி நிறைய வேண்டும். ட்ரோன் ஆசை இருந்தால் முதலில் அனுமதியை விசாரியுங்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம்.

மனிதர்களைப் பற்றி. 2017-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, எண்ணெயை வாளியில் அள்ளிய படங்கள் வந்தன அல்லவா? மோதிய கப்பல்களின் பெயர்கூட எனக்கு நினைவில்லை, அந்த வாளிகள் நினைவிருக்கின்றன. இங்கே மாயேபூர் கடற்கரையில் ஊரே கூடி, கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, காலி பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி மிதவைத் தடுப்பு செய்தது. பள்ளிப் பிள்ளைகள், கோயில் ஆட்கள், மசூதி ஆட்கள், எல்லோரும் ஒரே வரிசையில். அதை எடுக்க யாரும் மறுக்கவில்லை. "எடு தம்பி, எடுத்துவிட்டு வந்து ஒரு கை பிடி" என்றார்கள். கேமராவைப் பையில் போட்டுவிட்டுச் சோகை திணித்த நேரமும் உண்டு. அப்படிச் செய்தால் படம் கெடாது, உங்களை நம்புவார்கள்.

துயரம் வேறு. ஆகஸ்ட் 31 இரவு, சேர் கயத்தான் டூவால் என்ற இழுவைக் கப்பல் மோசமான வானிலையில் மூழ்கியது. அதிலிருந்த எட்டுப் பேரில் நால்வர் உயிரோடு திரும்பவில்லை. காத்திருந்த குடும்பங்களின் முகத்தை நான் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவர்களே கூப்பிட்டு எடுக்கச் சொன்னால் அது வேறு.

படக்குறிப்பில் நாள், நேரம், நின்ற இடம், பார்த்த திசை போதும். காரணத்தை எழுதாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஓங்கில் இனத் திமிங்கிலங்கள் பல கரையொதுங்கின. எண்ணெய்தான் காரணம் என்று அன்றே எழுதியவர்கள் ஏராளம், அது பெரிய விவாதமாக நின்றது. செத்த உயிரை எங்கே, எப்போது பார்த்தோம் என்பதை மட்டும்தான் படம் சொல்லும்.

மூலக் கோப்புகளை வெட்டாமல், திருத்தாமல் இரண்டு இடத்தில் வைத்திருங்கள். மீன்பிடிக்கும் என் மாமா ஒருவர் இழப்பீட்டு விண்ணப்பத்தோடு சேர்க்கப் படம் கேட்டபோது, நாளும் நேரமும் பதிவான மூலக் கோப்பிலிருந்துதான் அச்சிட்டுக் கொடுத்தேன். அப்படிக் கேட்பவர்களிடம் காசு வாங்காதீர்கள்.