செவலைக்கு அவசரப்படாத ஒரு வீடு

கேள்வி: போன ஐப்பசி மழையில் சாக்கடை ஓரம் கிடந்த ஒரு பெண் நாயைத் தூக்கி வந்தேன். செவலை என்று பெயர். தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடிந்தது. ஆனால் புது ஆளைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடுகிறாள். இரண்டு வீட்டுக்குக் கொடுத்தேன், இரண்டு பேருமே ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். எங்களுடையது வாடகை வீடு, ஏற்கெனவே ஒரு நாய் இருப்பதால் வீட்டு ஓனர் இன்னொன்று கூடாது என்கிறார். இவளை யார்தான் எடுப்பார்கள்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: எடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் அவள் படத்தைப் போட்டபோது என்ன எழுதினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "ரொம்ப சமத்து, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும்" என்றுதான் பலரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன், பயந்த நாய் என்று சொன்னால் யாரும் வர மாட்டார்களே என்ற கவலையில். வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும் நாயை நினைத்து வாங்கிப் போனவர்கள், மூலையில் ஒடுங்கிக் கிடப்பவளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுப்பார்கள்? இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: பழக இரண்டு மூன்று மாதம் ஆகலாம், தூக்கக் கூடாது, கொஞ்ச நாள் கட்டிலுக்கடியில்தான் இருப்பாள். போன் ஒன்றிரண்டுதான் வரும். அது போதும்.

சின்னக் குழந்தைகள் இல்லாத, விருந்தாள் வரத்து குறைவான வீடாகப் பாருங்கள், கேட் ஒழுங்காகச் சாத்துகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அங்கே நிதானமான இன்னொரு நாய் இருந்தால் ரொம்ப நல்லது, மனிதரை நம்புகிற நாயைப் பார்த்துப் பார்த்துத்தான் பயந்தது மெல்ல வெளியே வரும்.

என் வீட்டுக் கறுப்பன் வந்த புதிதில் 11 நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலேயே கிடந்தான். எல்லோரும் படுத்த பிறகுதான் சாப்பாடு. நான் தினமும் சாயங்காலம் அவனுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, வேகவைத்த கோழித் துண்டுகளைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவேன், கண்ணைப் பார்க்க மாட்டேன், கையை நீட்ட மாட்டேன். 12ஆம் நாள் குதிகாலில் சில்லென்று ஏதோ பட்டது. அவன் மூக்கு. திரும்பிப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செவலையைப் பார்க்க வருகிறவர்களையும் இப்படி உட்காரச் சொல்லுங்கள். குனிந்து தலையைத் தடவ வேண்டாம், மேலிருந்து இறங்கும் கை அவளுக்கு அடிக்க வரும் கைதான்.

ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். அதே ஆள் நாலைந்து தடவை உங்கள் வீட்டுக்கு வந்து போகட்டும், இதற்கே சலித்துக்கொள்கிறவர் என்றால் அவருக்கு வேண்டாம். தீபாவளி நெருங்கும் வாரங்களில் கொடுக்கவே கூடாது, புது இடமும் வெடிச் சத்தமும் சேர்ந்தால் சுவரேறிக்கூட ஓடிவிடும். கழுத்துப் பட்டையை மட்டும் நம்ப வேண்டாம், பயந்து பின்வாங்கினால் தலை வழியாகக் கழன்றுவிடும், மார்போடு சேர்த்து மாட்டுகிற ஹார்னஸும் வேண்டும், பட்டையில் போன் நம்பரும் இருக்கட்டும்.

இன்னொன்று, முடியவில்லை என்றால் எந்த நேரமானாலும் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், தெருவில் விடாதீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ப்பு நாயைப் பசியும் தாகமுமாகத் தவிக்க விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதையும் சொல்லுங்கள். ஊசி போட்ட அட்டையைக் கையில் கொடுங்கள், வெறிநோய் ஊசி வருடா வருடம் போட வேண்டுமே.

ஓனரிடம் ஒரு மூன்று மாதம் கேட்டுப் பாருங்கள், செவலைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அப்புறம், அவள் படுக்கும் சாக்கைத் துவைக்காமல் அப்படியே கூட அனுப்புங்கள். புது வீட்டில் முதல் ராத்திரி அவளுக்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.