வெறும் கொத்தனார்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு 14 வயது. உயரம் போதாது என்று ஒரு விளையாட்டு விடுதித் தேர்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்திரியப் பனிச்சறுக்கு வீரர் ஹெர்மன் மையரின் கதையைத் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். அவரும் சின்ன வயதில் விரட்டப்பட்டவர். வெறும் கொத்தனாராகக் கிடந்து அவமானப்பட்டு, பிறகு ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். இவன் காதில் ஏறவே இல்லை. எப்படிச் சொன்னால் ஏறும்? நாகானோவில் அப்படி விழுந்தும் மூன்றே நாளில் எழுந்து வர அவருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது?

க.

அன்புள்ள க.,

மையரைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் ஒரு சொல் தைத்துவிட்டது.

முதலில் நாகானோ, ஜப்பானில் நடந்த குளிர்கால ஒலிம்பிக். 1998 பிப்ரவரி 13, டவுன்ஹில் போட்டி, மலையிலிருந்து அதிவேகமாகச் சறுக்கி இறங்குவது. காற்றில் தூக்கி எறியப்பட்டு, இரண்டு தடுப்பு வேலிகளைத் தாண்டிப் போய் விழுந்தார். வளைந்து வளைந்து இறங்கும் வேறு இரண்டு போட்டிகளில், 16ஆம் தேதி சூப்பர்-ஜி தங்கம், 19ஆம் தேதி ஜயன்ட் ஸ்லாலம் தங்கம். விழுந்த இடத்தில் பனி ஆழமாக, மெத்தென்று இருந்தது. கல்லாக இறுகிக் கிடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. துணிச்சலைப் பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

"வெறும் கொத்தனாராகக் கிடந்து அவமானப்பட்டு" என்கிறீர்களே, யார் சொன்னது உங்களுக்கு? ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் இருந்த பனிச்சறுக்குப் பள்ளி 15 வயதில் அவரை வீட்டுக்கு அனுப்பியது உண்மை. உடம்பு சிறுத்திருந்தது, முழங்காலிலும் கோளாறு. அவர் ஊர் ஆஸ்திரியாவின் ஃப்ளாகாவ். அங்கே கோடையில் கொத்து வேலை. பனிக்காலத்தில் பெற்றோர் நடத்திய பனிச்சறுக்குப் பள்ளியில் வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஏறக்குறைய எட்டு வருடம். செங்கல்லும் பனியுமாக ஒரு இளைஞன் உழைத்துச் சம்பாதித்து வாழ்ந்த காலம் அது. அதில் அவமானம் எங்கே இருக்கிறது?

என் அப்பா கொத்தனார். பூச்சு வேலை முடிந்த சாயங்காலம் சுவரை ஒட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார். பகல் வெளிச்சத்தில் பளிங்கு மாதிரி தெரிந்த சுவரில் அப்போது மேடும் பள்ளமும் நிழலாக எழும். அங்கங்கே உள்ளங்கையை வைத்துத் தடவுவார். கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுவார். ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். கடைசித் தீர்ப்பு கைக்குத்தான். மேகம் மூடிய நாளில் மலைச்சரிவில் நிழலே விழாது, பனியின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது, கால்தான் பார்த்தாக வேண்டும் என்று பனிச்சறுக்குக்காரர்கள் சொல்வதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அப்பாவின் உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது.

பத்தாம் வகுப்பில் ஒரு படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "கட்டட ஒப்பந்தக்காரர்" என்று எழுதினேன். அப்பா கையெழுத்துப் போடும்போது அதை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை, போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அந்த வரியை இன்னும் என்னால் அழிக்க முடியவில்லை. அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம்.

கொத்து வேலைதான் மையரைச் சாம்பியனாக்கியது என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெருமையும் கொத்து வேலைக்குத் தேவையில்லை. 1996 ஜனவரியில் ஃப்ளாகாவிலேயே பனிச்சறுக்கு உலகக் கோப்பைத் தொடரின் ஒரு பந்தயம் நடந்தது. போட்டிக்கு முன்னால் தடத்தைச் சோதிக்கச் சிலரைச் சறுக்கவிடுவார்கள். உள்ளூர்க்காரர் மையரும் அதில் ஒருவர். அவர் எடுத்த நேரம், போட்டியில் இருந்திருந்தால் பன்னிரண்டாம் இடம். அப்போதுதான் தேர்வாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பந்தயம் வேறு ஊரில் நடந்திருந்தால்? பார்க்கப்படாமல் போயிருப்பார். ஃப்ளாகாவில் நல்ல கொத்தனாராக இருந்திருப்பார். உங்கள் மகனிடம் அந்த மையரைச் சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

2001 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற நிலை, 2003 ஜனவரியில் கிட்ஸ்பூயல் என்ற ஊரின் பந்தயத்தில் வெற்றி, 2004இல் நான்காம் முறையாக, பருவம் முழுவதும் சேர்த்த புள்ளிகளுக்கான உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம். இதையாவது சொல்லலாமே என்பீர்கள். வேண்டாம். ஒரு கதவு சாத்தப்பட்டு பத்து நாள்தான் ஆகியிருக்கிறது. அவன் அழ வேண்டியதை அழவிடாமல் தினமும் ஒரு தங்கப் பதக்கத்தை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 15 வயதுப் பையனின் எலும்பை அளந்து முடிவு சொன்னது ஷ்லாட்மிங்கின் தவறு. உங்கள் மகனை அளந்ததும் அதே தவறுதான். அதை அவனிடம் சொன்னீர்களா? "தப்பு அவர்கள் மேல்" என்று ஒரு தடவையாவது?

நல்ல அப்பா நீங்கள், தெரிகிறது. இல்லையென்றால் முன்பின் தெரியாத எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மையர் எத்தனை தங்கம் வென்றார் என்று இருக்கிறது, எத்தனை நாளில் எழுந்தார் என்று இருக்கிறது. உங்கள் மகன் என்ன விளையாடுகிறான் என்று எங்கேயும் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.