கொள்ளையன் புதையலுக்கு மண்வெட்டி வேண்டாம்

கேள்வி: இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சேன் போல் ஊரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 10 முதல் 13 வயது வரை பதினான்கு பிள்ளைகள். ஜூலையில் ஒரு நாள், லா பியூஸ் என்ற கடற்கொள்ளையனின் கதையை வைத்துக் கடற்கரையில் ஜியோகேச்சிங் (ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். பார்த்துத் தேடும் விளையாட்டு) புதையல் வேட்டை நடத்த ஆசை. பெட்டியை மணலில் எவ்வளவு ஆழத்தில் புதைக்கலாம்? பரிசாகச் சாக்லேட் காசு வைக்கலாமா?

பதில்: ஒரு விரல் ஆழம்கூட வேண்டாம். ஜியோகேச்சிங்கில் மண்ணைத் தோண்டிப் பெட்டி வைப்பதே விதிக்குப் புறம்பு. காரணம் எளிது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். நல்ல நாளிலேயே ஐந்து மீட்டர் முன்பின் காட்டும். ஐந்து மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் கிட்டத்தட்ட 80 சதுர மீட்டர் மணல் ஆகிறது. அதில் பதினான்கு பிள்ளைகளையும் மண்வெட்டியோடு இறக்கிவிட்டால் சாயங்காலம் நகராட்சிக்காரர் உங்களைத்தான் தேடி வருவார். சவுக்கு மரத்தின் வேரிடுக்கு, கல் சுவரின் பொந்து, பெஞ்சின் அடிப்பக்கம் போதும். எந்த இடமானாலும் நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெட்டியின் மேல் பிரெஞ்சில் 'விளையாட்டுப் பெட்டி' என்றும் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். கேட்பாரற்ற பொட்டலத்தைக் கண்டால் யாரும் பயப்படுவார்கள்.

கதைக்கு வருவோம். ஒலிவியே லெவசேர் என்ற லா பியூஸ், 1721-இல் கோவாவிலிருந்து லிஸ்பனுக்குப் போன போர்த்துகீசியக் கப்பலை இந்தத் தீவின் சேன் தெனி துறையிலேயே கூட்டாளிகளோடு மடக்கிக் கொள்ளையடித்தான். 1730 ஜூலை 7-இல் உங்கள் ஊரில் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடையிலிருந்து ஒரு சங்கேத ஓலையை வீசினான் என்பது மட்டும் கதை. அந்தக் குறியெழுத்து அச்சில் வந்ததே 1934-இல்தான். கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் அவனுடையது என்று காட்டும் கல்லும் அப்படித்தான். அந்தத் தோட்டமே அவன் செத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது. ஆனாலும் மக்கள் அங்கே ரம்மும் சிகரெட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள், முனீஸ்வரனுக்குப் படைப்பதுபோல! பிள்ளைகளுக்கு இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லறைக்குள் பெட்டி வைக்காதீர்கள். கல்லில் செதுக்கியிருப்பதைப் பார்த்து ஒரு விடை எழுதிவரச் சொல்லுங்கள், அதுவே அடுத்த துப்பு.

அந்தக் குறியெழுத்து கட்டமும் கோணமுமாக இருக்கும். தமிழுக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. வெளிக்கோடு இல்லாமல் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் போட்டு க முதல் ப வரை ஒன்பது மெய்யை நிரப்புங்கள். இன்னொரு ஒன்பது கட்டத்தில் ம முதல் ன வரை. பதினெட்டும் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். எழுத்துக்குப் பதில் அது இருக்கும் கட்டத்தின் கோடுகளை மட்டும் வரைய வேண்டும். இரண்டாவது ஒன்பது கட்டத்துக்கு அடையாளமாகச் சின்னப் பெருக்கல் குறி. வழக்கமாகப் புள்ளிதான் வைப்பார்கள், ஆனால் நம் பிள்ளைகள் புள்ளியைப் பார்த்தால் மெய்யெழுத்து என்று குழம்பிப்போவார்கள். உயிருக்கு அ 1, ஆ 2 என்று 12 வரை எண். 'கடல்' என்றால்: வலப்பக்கமும் கீழும் கோடு, அருகில் 1, முழுச் சதுரம், அருகில் 1, இடப்பக்கம் மட்டும் திறந்த பெட்டிக்குள் பெருக்கல் குறி, எண் கிடையாது. அரை மணி நேரம் பழக்கினால் வகுப்பு முழுக்க இதிலேயே துண்டுச்சீட்டு பறக்கும்.

பெட்டி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தமிழ் எண்களில் எழுதலாம், ௨௧ என்பதுபோல. ஆனால் 'தெற்கு' என்பதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நம் தீவு தெற்கு 21 பாகையில் இருக்கிறது. செயலியில் தவறி வடக்கு என்று விழுந்தால் அம்பு அரேபியப் பாலைவனத்தைக் காட்டும். அப்புறம், ஒரே அளவீட்டை நம்பாமல் இரண்டு வேறு நாட்களில் குறித்துச் சராசரி எடுங்கள்.

கடலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. ஜூலையில் தெற்கிலிருந்து பெரிய அலை திடீரென்று வரும். சுறா ஆபத்தால் 2013 முதல் காயலுக்கும் கண்காணிப்புள்ள இடங்களுக்கும் வெளியே குளிக்கத் தடை இருக்கிறது, சேன் போல் விரிகுடாவில் அது விளையாட்டல்ல. ஆகவே எல்லாத் துப்பும் நடைபாதைக்கு மேல்பக்கமே இருக்கட்டும். பாறை சரியும் மலையடிவாரமும் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமைக் காலையும் கடற்கரையில் சந்தை கூடும், அந்த நேரத்தில் பெட்டி யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. ஞாயிறு காலை எட்டு மணி சரி.

பெட்டிக்கு ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பா. தகரம் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். உள்ளே பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள்; செருப்புப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றும். சாக்லேட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள். வெயிலில் உருகும், எறும்பு மொய்க்கும், எலி டப்பாவையே கடிக்கும். எலிச்சிறுநீரால் வரும் காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு. டப்பாவில் அட்டைக் காசு போடுங்கள், கண்டுபிடித்தவர் உங்களிடம் கொடுத்துச் சாக்லேட்டாக மாற்றிக்கொள்ளட்டும்.