கடதாசிக் கைவினை பிள்ளையின் கற்பனையை வளர்க்குமா?

ஐந்து வயதுப் பிள்ளை நாள் முழுவதும் கடதாசியை மடித்தும் வெட்டியும் கொண்டிருப்பதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. 1837இல் ஜெர்மனியில் உலகின் முதல் பாலர் பூங்காவைத் தொடங்கிய பிரீட்ரிக் புரோபல், கடதாசி மடித்தலைத் தமது கல்விமுறையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்.

தட்டையான தாளொன்று படகாக எழுந்து நிற்பதற்கு முன்பே அதன் வடிவத்தைப் பிள்ளை மனத்தில் காணவேண்டியிருக்கிறது. கற்பனை என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுவே. சதுரத்தை மூலைக்கு மூலை மடிக்கும்போது இரண்டு சமமான முக்கோணங்கள் கிடைப்பதை, பின்னம் என்ற சொல்லை அறியுமுன்னரே விரல்கள் அறிந்துகொள்கின்றன. ஒரு கை தாளைப் பிடிக்க மறு கை வெட்டுவதால், எழுதுவதற்குத் தேவையான விரற்பிடியும் வலுப்பெறுகிறது.

நீங்கள் வாழும் திருகோணமலையில் இதற்கு வாய்ப்புகள் ஏராளம். மாரி மழையில் முற்றத்து வெள்ளத்தில் விடும் படகு ஏன் கவிழ்ந்தது, கச்சான் காற்றில் ஏற்றிய பட்டம் ஏன் சுழன்றது என்று பிள்ளையே ஆராய்ந்து, அடியை அகலமாக்கியோ வாலை நீட்டியோ பார்க்கட்டும். பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் காலத்தில் வீதிகளில் தொங்கும் விளக்குக் கூடுகளைக் காட்டி, ஈர்க்குச் சட்டத்தில் வண்ணத்தாள் ஒட்டப்படும் விதத்தை விளக்குங்கள்.

கடையில் விற்கும், முன்பே வெட்டப்பட்ட தாள்கள் கொண்ட பொதிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பிள்ளை தீர்மானிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பழைய பத்திரிகையும் பசையும் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் போதும். கோணலாக வந்த மடிப்பை மட்டும் நீங்கள் திருத்திக் கொடுத்துவிடாதீர்கள்.