மொட்டைச் சுற்றி வரிசையாகச் சின்னப் பருக்கள், வலி இல்லை, அரிப்பு இல்லை. இது பால்வினை நோயா?

கேட்டிருப்பவருக்கு 22 வயது. ஆணுறுப்பின் மொட்டு முடிகிற விளிம்பில் கசகசா அளவில் வெள்ளைப் பருக்கள் வரிசை கட்டி நிற்கின்றன, இதுவரை யாரோடும் உறவு இல்லை, பிறகு இது எப்படி வந்தது, யாரிடம் காட்டுவது என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. 21 வயதில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தூங்காமல் கிடந்தவன், அவ்வளவுதான். எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம், அப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது ஒருநாள் கண்ணில் பட்டது. போனில் தேடினால் வந்ததெல்லாம் பூக்கோசு மாதிரி மரு வளர்ந்த படங்கள், சரி, நமக்கும் இதுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவர்களில் 'ரகசிய நோய்களுக்கு' என்று ஒட்டியிருப்பார்களே, அந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு லாட்ஜ் மாடிப்படி வரைக்கும் போனேன். ஏறாமல் திரும்பியதற்குக் காரணம் அறிவு இல்லை, பையில் காசு இல்லை.

அப்புறம் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். கழுத்து மருவுக்குச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பதை ஊரில் பார்த்திருக்கிறேன். லீவுக்குப் போனபோது அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறுநாள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது, காலை அகட்டி நடக்கிறேன், கேட்டவர்களிடமெல்லாம் வேனல் கட்டி என்று பொய். வேறு வழியில்லாமல் மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வயதானவர். டார்ச் அடித்து அரை நிமிடம் பார்த்திருப்பார்.

"என்னப்பா தடவுன?"

"சுண்ணாம்பு சார்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார், "புண்ணு நீ உண்டாக்குனது, அதுக்கு மருந்து தர்றேன். மத்தது உன் தோலு தம்பி, அதுக்கு மருந்தும் கிடையாது, தேவையும் கிடையாது."

அதற்குப் 'பேர்லி பினைல் பப்யூல்ஸ்' என்று பெயர் எழுதிக் கொடுத்தார். முத்துப் போன்ற பருக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசையாகவோ இரண்டு மூன்று வரிசையாகவோ மாலை கோத்தது மாதிரி இருக்கும். வைரஸ் இல்லை, தொற்றாது, சுத்தக் குறைவும் சுய இன்பமும் காரணம் இல்லை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும் நூறு ஆண்களில் 14 முதல் 48 பேர் வரை இது இருப்பதாகச் சொல்கிறார்கள், அதாவது விடுதியில் என் மாடியில் மட்டும் பத்துப் பேருக்காவது இருந்திருக்கும், எவனும் வாயைத் திறக்கவில்லை. பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டி, வயதாக ஆக மங்கிப்போகும். எனக்கு இப்போது 36, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. பார்க்கவே பிடிக்கவில்லை என்பவர்களுக்கு லேசரில் எடுக்கிறார்கள், ஆனால் இல்லாத வியாதிக்கு எதற்குச் செலவு என்பது என் அபிப்பிராயம்.

தண்டிலும் விதைப்பையிலும் மஞ்சள் வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால், அதுவும் தோலை இழுத்துப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரிந்தால், அவை எண்ணெய்ச் சுரப்பிகள். உதட்டிலும் சிலருக்கு இருக்கும். 1896இல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்கத் தோல் மருத்துவரின் பெயரால் ஃபோர்டைஸ் புள்ளிகள் என்பார்கள். பிதுக்காதீர்கள். வயதானவர்களின் விதைப்பையில் வரும் கருஞ்சிவப்புப் பொட்டுகளும் ஆபத்தில்லாதவைதான், சொறிந்தால் ரத்தம் வரும்.

எப்போது பயப்படலாம்? பயம் வேண்டாம், எப்போது காட்ட வேண்டும் என்று கேளுங்கள். வரிசை இல்லாமல் அங்கொன்று இங்கொன்றாக, சொரசொரப்பாக, வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனால் அது மருவாக இருக்கலாம். உறவின் வழியாக வரும் எச்.பி.வி. வைரஸின் வேலை, தொற்றிப் பல மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும். நடுவில் குழி விழுந்த வழுவழுப்பான பரு என்றால் மொலஸ்கம் என்கிற பாலுண்ணி. கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து எரிந்து உடைந்தால் ஹெர்பிஸ் என்கிற வைரஸ் தொற்று. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது வலிக்காத புண்தான். உறவுக்குப் பிறகு சுமார் மூன்று வாரத்தில் ஒரே ஒரு புண் வந்து, வலியே இல்லாமல், மருந்து போடாமலே ஆறிவிட்டால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது சிபிலிஸ் என்கிற பால்வினை நோயாக இருந்தால் புண் ஆறினாலும் நோய் உள்ளேதான் இருக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரியும், பென்சிலின் ஊசியில் குணமாகும்.

ராத்திரியானால் அரிப்பு, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள் என்றால் சிரங்கு, வீட்டோடு மருந்து போட வேண்டும். முன்தோல் அடிக்கடி சிவந்து வெடித்து வெள்ளை படிந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிய வந்ததே அப்படித்தான். முன்தோல் இறுகிப் பின்னால் வராமல் இருந்து அதற்குள் கட்டியோ, வாரக் கணக்கில் ஆறாத புண்ணோ, துர்நாற்றமோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது, புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். விதைப்பைத் தோலில் இல்லாமல் விதைக்குள்ளேயே கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டாலும் உடனே போக வேண்டும், வலியில்லை என்று விடாதீர்கள்.

மெடிக்கலில் சொல்லி ஒரு டியூப் வாங்கித் தடவுவதையும் விட்டுவிடுங்கள். மதுரை வெயிலுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வராத ஆள் குறைவு, அதற்கு ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் போட்டுப் போட்டு முற்ற விட்டவர்களும் நிறைய.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இருந்தது மாதிரிதான் படுகிறது, இருந்தாலும் எழுத்தில் படிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. ஒரு தடவை காட்டிவிடுங்கள். கையில் காசில்லையென்றால் மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் இருக்கிற அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சீட்டுப் போடும் இடத்தில் 'தோல்' என்று மட்டும் சொன்னால் போதும், என்ன ஏது என்று அங்கே விளக்க வேண்டியதில்லை. உறவு வைத்திருந்து சந்தேகம் உள்ளவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள், நேரில் போகக் கூச்சமென்றால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் போன் போட்டும் கேட்கலாம். டாக்டரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன், உள்ளே போனதும் வாயில் வந்தது "சார், கீழே பருவா இருக்கு" மட்டும்தான். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.