கோழிக்கொண்டை எந்தப் புள்ளி?

அன்புள்ள ஐயா,

வீட்டு முகப்பில் மூன்று தொட்டிகளில் கோழிக்கொண்டை வைத்திருக்கிறேன். நர்சரிச் சீட்டு ஒன்றில் சிலோசியா கிறிஸ்டாட்டா, இன்னொன்றில் சிலோசியா அர்ஜென்ஷியா, இறகு மாதிரி இருப்பதில் புளுமோசா என்று போட்டிருக்கிறது. எது சரி? மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? நம் முன்னோர்கள் கண்ணில் பட்டதற்குப் பெயர் வைத்தார்களே தவிர, வகைப்படுத்தத் தெரியாதவர்கள் என்றே தோன்றுகிறது.

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

மூட்டுவலிக்கு டாக்டரைப் பாருங்கள். புளுமோசா, தோட்டக்காரர்கள் பூவின் உருவத்தை வைத்துப் பிரித்த குழுவின் பெயர், அதையும் விடுங்கள். என்னை எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. படித்ததும் கோபம் வந்தது, அப்புறம் அப்பத்தா ஞாபகம் வந்தது.

பள்ளத்தூரில் மழை பெய்து ஓய்ந்தால் அப்பத்தா கொல்லையில் பண்ணைக்கீரை பறிப்பார். வெள்ளையும் ரோஸுமாகக் கதிர் விடுமே, அதுதான். கிணற்றடியில் கோழிக்கொண்டை ரத்தச் சிவப்பாக நிற்கும், தொட்டால் வெல்வெட். ஒருநாள் முற்றிய கொண்டை ஒன்றை முறத்தில் தட்டினார். அடிப்பக்கத்திலிருந்து கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக, மினுமினுவென்று விதை உதிர்ந்தது. பக்கத்தில் பண்ணைக்கீரை விதையையும் உதிர்த்துப்போட்டு, "ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைகதான்டா, இது குடுமி வச்சுக்கிட்டு நிக்குது" என்றார்.

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இரண்டையும் தனித்தனி இனமாக எழுதினார், பண்ணைக்கீரை அர்ஜென்ஷியா, குடுமிக்காரர் கிறிஸ்டாட்டா. 1891இல் ஜெர்மனியின் குன்ட்சே, கிறிஸ்டாட்டாவை அர்ஜென்ஷியாவின் ஒரு வகையாகச் சேர்த்துவிட்டார். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணமானதும் பிள்ளையைக் கோயில் கணக்கில் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக எழுதுவோமே, அப்படி எழுதியதை அடித்துவிட்டு மறுபடி அப்பச்சி (அப்பா) கணக்கிலேயே சேர்த்த கதை. காட்டுச் செடியான பண்ணைக்கீரையில் குரோமோசோம் (செல்லுக்குள் மரபைச் சுமக்கும் இழை) 72, கொண்டைச் செடியில் 36 என்று காட்டித் தனிப் புள்ளிதான் என்பவர்களும் உண்டு. ஆகவே உங்கள் சீட்டு இரண்டுமே பொய்யில்லை.

நான் அப்பத்தா கட்சி. அந்தக் கொண்டையே குருத்தில் வந்த கோளாறு, தம்பி. ஒரே முனையாக நிற்க வேண்டிய குருத்து பக்கவாட்டில் அகன்று, இடம் போதாமல் மடிந்து மடிந்து நிற்கிறது. அந்தக் கோளாறு விதை வழியாகவும் இறங்குகிறது, அவ்வளவுதான். குடுமி வைத்தவனைத் தனி வம்சம் என்று எழுதுவோமா?

வகைப்படுத்தத் தெரியாதாம்! அரைக்கீரை, தண்டுக்கீரை, பண்ணைக்கீரை, வாடாமல்லி எல்லாம் ஒரே குடும்பம், அமராந்தேசியே. அந்தப் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தமே 'வாடாதது'. வாடாமல்லி என்று பேர் வைத்தவள் கிரேக்கம் படித்தாளா? முருங்கைக்கீரையும் கீரைதானே, அது எந்தக் குடும்பம் என்று மறுகடிதம் போடாதீர்கள். அது அடுப்படிக் கணக்கு, வேறு.

கொண்டை காய்ந்தால் பிடுங்கி எறியாதீர்கள். காகிதத்தில் தட்டி விதைத்துப் பாருங்கள், எத்தனை கொண்டையாக வருகிறது, எத்தனை கதிராக நீள்கிறது என்று எழுதுங்கள். பண்ணைக்கீரை விதைக்கு நர்சரியில் போய் நிற்க வேண்டாம், கடலைக்கொல்லையில் களையெடுக்கும் ஆத்தாக்களைக் கேளுங்கள்.