வாயைத் திறக்காதே – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் விஞ்ஞானியாகச் சேர்ந்திருக்கிறாள். கடலரிப்பைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத ஆசைப்படுகிறாள். வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்து, ‘வாயைத் திறக்காதே, வேலையைப் பார்’ என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. புனைபெயரில் எழுதச் சொல்லலாமா?

ச., கடலூர் முதுநகர்

அன்புள்ள ச.,

புனைபெயர் வேண்டாம். அளந்தவர் யாரென்று தெரியாத கணக்கை எவர் நம்புவார்?

பெற்ற மனம் பதறுவது புரிகிறது. ஆனால் விதியைப் படித்துவிட்டா பயந்தீர்கள்? 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 9ஆவது, அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ வெளியில் கண்டிக்கக் கூடாது என்கிறது. 8ஆவது, ஊடகத்தில் பங்கேற்பவர் ‘இது என் சொந்தக் கருத்து, அரசின் கருத்தல்ல’ என்று தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது. பேசவே கூடாதென்றால் அந்த வரி எதற்கு? கரை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று சொல்வது எப்படிக் கண்டனமாகும்?

2023 ஜனவரியில் உத்தராகண்டின் மலையூரான ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. 12 நாளில் நிலம் 5.4 செ.மீ. தாழ்ந்தது என்று இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்டது. மக்கள் குழம்புகிறார்கள் என்று சொல்லி, ஊடகங்களிடம் பேச வேண்டாம் என ஆய்வு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம். அறிக்கை இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. சுவர் பிளந்த வீட்டில் இருப்பவனுக்கு அந்த எண்ணால் என்ன புதுக் குழப்பம் வந்துவிடும்?

நம் பக்கத்துக் கதையும் இதுதான். 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல் சுவர்களை நீட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை மணலை இழந்து கருங்கல்லாகிப் போனது. அரிப்பு பிள்ளைச்சாவடி வரை ஏறியது.

அங்கே ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். “என் வீடு நிக்குமா சார்?” என்று ஒரு மீனவப் பெண் கேட்டார். வந்திருந்த விஞ்ஞானி, “அறிக்கை சமர்ப்பித்திருக்கிறோம்” என்றார். பிறகு டீக்கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கரையை வரைந்து, இங்கே கல் கொட்டினால் அடுத்த குப்பம் எப்படிப் போகும் என்று எனக்கு அத்தனை தெளிவாக விளக்கினார். விளக்கிவிட்டு, தாளை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அது அந்தப் பெண்ணின் கைக்குப் போயிருக்க வேண்டிய தாள். அவர் சம்பளத்தில் அந்தப் பெண்ணின் வரிப்பணமும் இருக்கிறது. நல்ல மனிதர்தான். அதனால்தான் இன்னும் ஆறவில்லை எனக்கு.

உங்கள் மகளும் அப்படி ஆவதற்கா படிக்க வைத்தீர்கள்? கோபித்துக்கொண்டாரே, அதற்காகப் பெருமைப்படுங்கள். துறைமுகம் கட்டியது தவறு என்று எழுதினால் 9ஆவது விதி பாயலாம். மணல் எங்கே நின்றது, எங்கே குறைந்தது என்று எழுதட்டும். ‘சொந்தக் கருத்து’ என்ற வரியை முதலிலேயே போடட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தமிழை நான் பார்த்துத் தருகிறேன், கணக்கை அவர் பார்த்துக்கொள்வார்.